அப்ஸ்ட்ராக்ட் நவுணும் ‘என்ன செய்யுது?’ என்ற கேள்வியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் நிற்பது ஒருத்திதான். ஆனாலும் இந்த உரையில் ‘நாங்கள்’ என்றே வரும். 1996 ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பு, நாலு நாடுகளில் இருந்துகொண்டு வட்ஸ்அப்பில் சண்டை பிடித்துத் தயாரித்த உரை இது. மருத்துவரைக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிரஷர் பற்றிப் பேசுவார் என்று சங்கத்தார் நினைத்திருப்பார்கள். நாங்கள் பேசப் போவது ஆங்கில இலக்கணம். அதிலும் ஆண்டு பத்தில் படித்த ஒரே ஒரு பாடம்: அப்ஸ்ட்ராக்ட் நவுணை எப்படி அடையாளம் காண்பது என்பது. பரீட்சையில் அதற்கு இரண்டு மூன்று புள்ளிகள்தான் கிடைத்திருக்கும். ஆனால் அதைச் சரியாகப் படிக்காததற்கு ஒருமுறை பெரிய விலை கொடுக்க வேண்டி வந்தது. கொடுத்தது நாங்கள் அல்ல, ஒரு நோயாளி. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

1995 ஒக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. கொலன்னாவை எண்ணெய்க் குதமும் ஒருகொடவத்தைக் குதமும் தாக்கப்பட்ட நாள். எங்களில் சிலருக்கு வயது பதினைந்து, சிலருக்கு அதுவும் நிரம்பவில்லை. வகுப்பில் கொலன்னாவைப் பிள்ளைகளும் இருந்தோம், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பிள்ளைகளும் இருந்தோம். தாங்கிகள் எரிந்த புகை கொழும்பு வானத்தைக் கறுப்பாக்கியது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சீருடையில் கரி படிந்தது என்று கொலன்னாவைப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஒன்று. வகுப்பில் பாதிப் பேர்தான். பாடத்திட்டப்படி அன்றைக்கு நவுண் வகைகள். எங்கள் ஆங்கில டீச்சர் புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கீறினார்.

“இந்தக் கிழமை நீங்கள் கண்டது, கேட்டது, மணந்தது, தொட்டது எல்லாம் இந்தப் பக்கம். மிச்சமெல்லாம் அந்தப் பக்கம். சொல்லுங்கோ பிள்ளையள்.”

இடப்பக்கம் உடனே நிறைந்தது. ஃபயர், ஸ்மோக், சைரன், ஹெலிகொப்டர், பெற்றோல். வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் பின்வாங்கில் இருந்த ஒருத்தி மெல்லச் சொன்னாள், “ஃபியர்”. டீச்சர் எழுதினார். பிறகு வெள்ளவத்தையிலிருந்து அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி பஸ்ஸில் வந்த ஒருத்தி எழுந்து, “அதுக்கு இங்கிலிஷ் தெரியாது டீச்சர். சந்தேகம்” என்றாள். டீச்சர் ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டு, “சஸ்பிஷன்” என்று எழுதினார். புகை எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். சந்தேகம் சில வீடுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்கு விளங்கியது.

“இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் கொங்க்ரீட் நவுண். அந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் அப்ஸ்ட்ராக்ட் நவுண். கண்ணுக்குத் தெரியாத படியால் அது இல்லை என்று நினைக்காதையுங்கோ.” அதுதான் பாடம்.

அதன் பிறகு மூன்று சோதனைகள் தந்தார். இங்கே இருக்கும் மாணவிகளுக்காக அவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஐம்புலச் சோதனை. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்ற ஐந்தில் ஒன்றால் அறிய முடிந்தால் கொங்க்ரீட். ஐந்தாலும் முடியாமல், மனதால் மட்டும் பிடிக்க முடிந்தால் அப்ஸ்ட்ராக்ட். இதில் ஒரு பொறி இருக்கிறது. காற்றைக் காண முடியாது, ஆகவே ‘எயர்’ அப்ஸ்ட்ராக்ட் என்று எங்களில் பாதிப் பேர் எழுதினோம். பிழை. காற்றுக்கு நிறை உண்டு, தோலில் படும், சைக்கிள் டியூபுக்குள் அடைக்கலாம். காணாதது வேறு, புலனுக்கே அகப்படாதது வேறு.

இரண்டாவது, வால் சோதனை. ஆங்கிலத்தில் பல அப்ஸ்ட்ராக்ட் நவுண்களுக்கு வால் இருக்கும். கைண்ட் என்ற பண்புச் சொல்லோடு நெஸ் சேர்ந்தால் கைண்ட்னெஸ். அப்படியே ஏபிள், எபிலிட்டி, ஃப்ரீ, ஃப்ரீடம், சைல்ட், சைல்ட்ஹூட், ஃப்ரெண்ட், ஃப்ரெண்ட்ஷிப், மூவ், மூவ்மென்ட், ட்ரூ, ட்ரூத், வோர்ம், வோர்ம்த். தமிழில் இதே வேலையை மை, பு, வு, வி, சி போன்ற விகுதிகள் செய்கின்றன: தனிமை, அன்பு, அறிவு, கல்வி, முயற்சி. பக்கத்து வீட்டுச் சிங்களத்தில் ‘கம’ செய்கிறது. துப்பத் என்றால் ஏழை, துப்பத்கம என்றால் ஏழ்மை. யாளு என்றால் நண்பர், யாளுகம என்றால் நட்பு. கொலன்னாவையில் வளரும் பிள்ளை நெஸ், மை, கம என்ற மூன்று வால்களையும் ஒரே ஒழுங்கையில் கேட்டு வளர்கிறது. இந்தப் பாடத்தில் அதுக்கு முன்கூட்டியே பாதிப் புள்ளி கிடைத்துவிட்டது.

ஆனால் வாலை மட்டும் நம்பக்கூடாது. பேவ்மென்டில் மென்ட் இருக்கிறது, அதன்மேல் நடக்கலாம். நெய்பர்ஹூடில் ஹூட் இருக்கிறது, பெரும்பாலும் அது அயல் என்ற இடத்தைக் குறிக்கிறது. விட்னெஸில் நெஸ் இருக்கிறது, ஆனால் வழக்கமாக அது கண்ணால் கண்டதைச் சொல்லும் ஓர் ஆளின் பெயர். மறுபக்கம், ஃபியர், ஹோப், லவ், டைம் போன்றவற்றுக்கு வாலே கிடையாது. ‘ஐ ஹோப்’ என்றால் அங்கே ஹோப் வினை. ‘மை ஹோப்’ என்றால் பெயர். முன்னால் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று, தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் நாங்கள் அடிக்கடி விடும் பிழை. அட்வைஸ், இன்ஃபர்மேஷன் போன்ற சொற்களை ஆங்கிலம் எண்ணுவதில்லை. முன்னால் ‘ஆன்’ வராது, பின்னால் ‘எஸ்’ வராது. தமிழில் ‘ஒரு புத்திமதி’, ‘பல தகவல்கள்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் போனால் புள்ளி குறையும். அதேபோல வாழ்க்கை சிறிது என்று பொதுவாகச் சொல்லும்போது லைஃப் என்பதற்கு முன்னால் ‘த’ போடக்கூடாது. யாருடைய எந்த வாழ்க்கை என்று குறித்துச் சொல்லும்போதுதான் ‘த’ வரும்.

தமிழ் இலக்கணம் இதை எப்படிப் பார்க்கிறது? நன்னூல் வழியில் பெயர்கள் ஆறு வகை: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். ஆங்கிலம் அப்ஸ்ட்ராக்ட் என்று ஒரே பெட்டிக்குள் போடுவதைத் தமிழ் பெரும்பாலும் இரண்டு பெட்டிகளில் வைக்கிறது. நன்மை, பொறுமை போன்றவை பண்புப்பெயர். நடத்தல், முயற்சி போன்றவை தொழிற்பெயர். ஒரு தன்மையா, ஒரு செயலா என்று தமிழ் முதலிலேயே கேட்டுவிடுகிறது. செய்யாமலிருப்பதற்குக்கூட எங்களிடம் தனிச் சொல் உண்டு. திருக்குறளில் கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, புறங்கூறாமை என்று அதிகாரங்களே இருக்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றைச் சொல்ல இரண்டு மூன்று சொற்கள் தேவைப்படும்.

இந்த வேறுபாடு மருத்துவர்களாகிய எங்களுக்குத் தினமும் தேவைப்படுகிறது. எங்களிடம் வரும் தமிழ் நோயாளி என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். காய்ச்சல், இருமல், விக்கல், வீக்கம், நடுக்கம், மயக்கம், களைப்பு, இளைப்பு. எல்லாம் தொழிற்பெயர்கள். உடம்பு காய்கிறது, இருமுகிறது, விக்குகிறது, வீங்குகிறது, நடுங்குகிறது. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு வினை உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றி, மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், மருத்துவ நூல்களையும் கலைச்சொற்களையும் தமிழில் ஆக்கினார். தமிழால் மருத்துவம் பேச முடியும் என்பது அப்போதே தெரிந்த விடயம். ஆனால் இன்று நாங்கள் மருத்துவம் படிப்பது ஆங்கிலத்தில். வாட்டில் கட்டில் தலைமாட்டு அட்டையில், பி.எச்.ரி. என்று சொல்வோமே, அதில் எழுதுவதும் ஆங்கிலத்தில். நோயாளி தமிழில் சொல்ல, தாதி சிங்களத்தில் கேட்க, அட்டையில் ஆங்கிலம் ஏறுகிறது. இந்த மூன்று படியையும் ஒரு அப்ஸ்ட்ராக்ட் நவுண் தாண்டும்போது கால் தடுக்குகிறது.

அந்த நோயாளியின் கதைக்கு வருகிறோம்.

நாங்கள் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்கள். ஒரு வைத்தியசாலையில் இரவுக் கடமை. அறுபது வயது கடந்த ஒரு அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொலன்னாவையில் மகளோடு இருந்தவர். பல வருடமாகச் சீனி வருத்தம். என்ன என்று கேட்டோம்.

“நெஞ்சுக்குள்ள ஒரே அந்தரமாக் கிடக்கு பிள்ளை. ஏலாமக் கிடக்கு.”

நெஞ்சு நோகுதோ என்று கேட்டோம். “நோவில்லை, அந்தரம்” என்றார். கடமையில் இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். தமிழ் தெரியும் என்ற பெருமையோடு, அந்தரம் என்பதை ‘ஆங்சைட்டி’ என்று மொழிபெயர்த்து அட்டையில் எழுதினோம். மனப்பதட்டம். அப்படி எழுதியதும் அவர் வரிசையில் பின்னுக்குப் போனார். அவசரமாக ஈ.சி.ஜி. எடுக்க வேண்டிய நோயாளி, ஆறுதல் சொல்ல வேண்டிய நோயாளியாக மாறினார். சில மணித்தியாலங்கள் கழித்து அவருக்கு வியர்த்துக் கொட்டியபோதுதான் ஈ.சி.ஜி. எடுத்தோம். மாரடைப்பு.

பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நீண்டகாலச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் நோவாக வராமல் போகலாம். களைப்பு, மூச்சு முட்டல், ஓங்காளம், வியர்வை, இன்னதென்று சொல்லத் தெரியாத ஓர் அந்தரம் என்று வரலாம். இது எங்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் படித்திருந்தோம். ஆனால் பாடப்புத்தகத்தில் ‘அந்தரம்’ என்ற சொல் இருக்கவில்லை.

அந்த அம்மா உயிர் தப்பினார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. பிறகு வீட்டுப் படியேறவே இளைப்பு வாங்கியது. மகள் ஒருநாளும் எங்களைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு நடந்த கலந்துரையாடலில், அறிக்கையில் ஒரு வசனம் வந்தது: ‘நோயைக் கண்டறிவதில் தாமதம் ஏற்பட்டது’. ஆங்கிலத்தில் அது இன்னும் அழகாக இருந்தது. ‘டிலே’ ஒரு அப்ஸ்ட்ராக்ட் நவுண். ‘டயக்னோசிஸ்’ இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் போதும், ஆளே தேவையில்லை. தாமதம் என்பது மழை மாதிரித் தானாக வந்து பெய்துவிட்டுப் போனது போல் இருந்தது.

அப்போதுதான் டீச்சரின் மூன்றாவது சோதனை ஞாபகம் வந்தது. அன்று கரும்பலகையில் ‘சஸ்பிஷன்’ என்று எழுதிய பிறகு சொன்னது அது. “வாலைக் கழற்றி வினையாக்கிப் பாருங்கோ. பிறகு யார் என்று கேளுங்கோ. சஸ்பெக்ட். யார் சஸ்பெக்ட் பண்ணினது? யாரை? அப்ஸ்ட்ராக்ட் நவுணுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் நிற்கும்.” அதை நாங்கள் இலக்கணம் என்றுதான் நினைத்திருந்தோம்.

தாமதம் ஏற்பட்டது. யார் தாமதித்தது? நாங்கள் தாமதித்தோம். இந்த ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னாலும் ஆள் ஒளியலாம் அல்லவா? ஆகவே அதையும் கழற்றிவிடுகிறோம். அன்று தமிழ் தெரிந்திருந்த ஒருவர், இந்த மேடையில் நிற்பவர்தான்.

இந்த மூன்றாவது சோதனை வைத்தியசாலைக்கு மட்டும் உரியதல்ல. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டன்று, கொலன்னாவை மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதைப் பற்றிப் பேசும்போதும் எழுதும்போதும் என்னென்ன சொற்கள் வந்தன என்று நினைத்துப் பாருங்கள்: சரிவு, அனர்த்தம், இழப்பு, இடம்பெயர்வு, நட்டஈடு. எல்லாம் நல்ல தமிழ்ப் பெயர்ச்சொற்கள். சரிவு என்றால் எது சரிந்தது? குப்பை. குப்பை தானாக நடந்து வந்து மலையாகவில்லை. நகரத்தில் இருக்கும் நாம் எல்லோரும் போட்டோம், கொண்டுவந்து கொட்டினார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று வருடக்கணக்காகச் சொன்னார்கள். போட்டோம், கொட்டினார்கள், சொன்னார்கள். வினையாக்கியதும் ஆட்கள் வெளியே வருகிறார்கள். அந்த ஆட்களில் நாமும் இருக்கிறோம்.

அப்ஸ்ட்ராக்ட் நவுண் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது இல்லாமல் அன்பு, நீதி, உரிமை எதையும் பேச முடியாது. நோவைப் பற்றிய ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு 1979 இல் நோவுக்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது. உடலும் மனமும் சேர்ந்து உணரும் விரும்பத்தகாத அனுபவம் என்பது அதன் சாரம். 2020 இல் அதைத் திருத்தியபோது, நோவு எப்போதும் அவரவர் சொந்த அனுபவம், ஒருவர் தனக்கு நோகிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று விளக்கத்தில் சேர்த்தது. பூச்சியத்திலிருந்து பத்து வரை எவ்வளவு நோகிறது என்று நாங்கள் கேட்டு இலக்கம் எழுதிக்கொள்ளலாம். இலக்கம் போட்டதால் நோவு எங்கள் கைக்குள் வந்துவிடாது. அது மற்றவருக்குள் இருக்கிறது. அவர் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதபடியால் இல்லை என்று நினைக்காதையுங்கோ என்று டீச்சர் சொன்னதும் இதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வழக்கம் மாறியது. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே, அந்தரம் என்றால் அந்தரம் என்று மேற்கோள் குறிக்குள் அட்டையில் எழுதுகிறோம். அதன் கீழே தான் எங்கள் மொழிபெயர்ப்பு. எங்களோடு வேலை செய்யும் சிங்கள டொக்டர்மாருக்கும் அந்தரம் என்ற சொல் இப்போது தெரியும். அட்டையில் அதைக் கண்டால் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள்.

உலகமெங்கும் இருக்கும் பழைய மாணவிகளே, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ அம்மாவை, மாமியை, பக்கத்து வீட்டு அன்ரியை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர்கள் நீங்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் ஏலாமை, அந்தரம், அலுப்பு, ஒரு மாதிரி என்று ஏதாவது சொன்னால், அதற்குச் சமமான ஆங்கிலச் சொல் ஒன்றை அவசரமாகத் தேடிக் கொடுக்காதீர்கள். எப்ப தொடங்கினது, என்ன செய்யேக்க வருகுது, அது வந்தால் எதைச் செய்ய ஏலாமல் போகுது என்று அவரிடம் திரும்பக் கேட்டு, அந்தப் பதில்களைச் சொல்லுங்கள். சுருக்கமான ஒரு சொல்லைவிட நீளமான மூன்று வசனம் உயிரைக் காப்பாற்றும்.

கேட்பதற்கு எங்கள் தாய்மாரே ஒரு கேள்வி தந்திருக்கிறார்கள். சுகமில்லாமல் படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றியில் கை வைத்து அவர்கள் என்ன வருத்தம் என்று கேட்பதில்லை. “என்ன செய்யுது?” என்றுதான் கேட்பார்கள். பெயரைக் கேளாமல் வினையைக் கேட்பார்கள். டீச்சர் ஆண்டு பத்தில் மூன்றாவதாகத் தந்த சோதனை, எங்கள் வீடுகளில் முதலே இருந்திருக்கிறது.

டீச்சர் இன்று எங்களோடு இல்லை. இருந்திருந்தால் முன்வரிசையில் இருந்து எங்கள் பிழைகளை எண்ணியிருப்பார். அன்று பேசப் பயந்து இருந்த வகுப்பில், “அதுக்கு இங்கிலிஷ் தெரியாது” என்று எழுந்து நின்ற பிள்ளையை அவர் இருத்தவில்லை. அவள் தமிழில் சொன்ன சொல்லைக் கேட்டார், அதற்குப் பிறகுதான் ஆங்கிலம் எழுதினார். நூறு வருடம் நிறைந்த இந்தச் சங்கம் வைத்திருக்கும் நன்றி என்ற அப்ஸ்ட்ராக்ட் நவுணையும் வினையாக்க வேண்டுமென்றால், நாங்களும் அதையே செய்தால் போதும். முதலில் கேட்போம். பிறகு எழுதுவோம்.